மைக்கா ஓரம் உடைவதற்குப் பலகையைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீடு கட்டுவோருக்காக நாளிதழ்களில் வரும் பக்கங்களில் ஐ.எஸ். 303 (பொது உபயோகம்) பிளைவுட்டுக்கும் ஐ.எஸ். 710 (மரைன்) பிளைவுட்டுக்கும் என்ன வித்தியாசம், மைக்கா 0.8 மி.மீ. போதுமா, 1 மி.மீ. வேண்டுமா என்பதெல்லாம் விவரமாக வருகிறது. அந்தப் பலகையை அறுக்கும் பிளேடைப் பற்றி மட்டும் ஒரு வரியும் வருவதில்லை. அலமாரிக் கதவின் ஓரம் பொரிப்பொரியாக உடைந்திருந்தால் வீட்டுக்காரர் பிளைவுட்டைக் குறை சொல்கிறார், ஆசாரி மைக்காவைக் குறை சொல்கிறார், கடைக்காரர் மெஷினை மாற்றச் சொல்கிறார். பெரும்பாலும் மூன்றுமே காரணமில்லை. தவறான பிளேடும், பலகையை ஒட்டித் தள்ளும் சட்டமான கைடு நேராக நிற்காததும்தான் காரணம். ஒன்றிரண்டு மைக்கா ஷீட் விலையில் ஒரு நல்ல பிளேடு கிடைக்கும். ரம்ப மேசையை, அதாவது டேபிள் சாவை, சரிசெய்ய ஒரு காலைப்பொழுது போதும். புது மெஷினுக்குக் கடன் வாங்கும் முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

பல் எண்ணிக்கையிலிருந்து தொடங்குகிறேன். 'பல் அதிகம் இருந்தால் நைஸாக அறுக்கும்' என்பது பட்டறைகளில் வேதவாக்கு. அது பாதிதான் உண்மை. 10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது, நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் மரத்தைத் தள்ளுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 24 பல் பிளேடில் ஒவ்வொரு பல்லும் சுமார் 0.04 மி.மீ. சீவி எடுக்கும். அதே வேகத்தில் 80 பல் பிளேடில் ஒரு பல்லுக்குக் கிடைப்பது 0.0125 மி.மீ. தான். அவ்வளவு மெல்லிசாகப் போனால் பல் மரத்தைச் சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு, சூடானால் கருகல். தேக்குச் சட்டத்தின் ஓரம் பழுப்புக் கோடாகக் கருகி, அதை இழைப்புளியால் இழைத்து எடுக்கும் வேலை இங்கிருந்துதான் வருகிறது.

மரத்துக்குள் ஒரே நேரத்தில் எத்தனை பல் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2 அங்குலத் தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது 24 பல் பிளேடில் இரண்டு, மூன்று பற்கள் உள்ளே இருக்கும். அது சரியான அளவு. 80 பல்லில் ஏழெட்டு இருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள குழியில் தூள் அடைத்துக்கொண்டு வெளியேற வழியில்லாமல் போகும், மோட்டார் முனகும். 18 மி.மீ. பிளைவுட்டில் நிலைமை தலைகீழ். 24 பல் பிளேடு போட்டால் ஒரு சமயத்தில் ஒரு பல்தான் உள்ளே இருக்கும். ஒவ்வொரு பல்லும் சுத்தியல் அடி மாதிரி இறங்கி மேலே உள்ள மெல்லிய மரத்தாளைப் (வெனீர்) பிய்த்துவிடும். 60 பல் போட்டால் இரண்டு, மூன்று, 80 போட்டால் மூன்று, நான்கு.

ஆகவே 10 அங்குல மேசைக்கு: கட்டி மரத்தை நீளவாக்கில் அறுக்க 24. குறுக்குவாக்கில் அறுக்கவும் சாதாரண பிளைவுட்டுக்கும் 60. மைக்கா ஒட்டிய பலகை, எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிரிலாம் போர்டு (மேல்தாள் ஒட்டியே வரும் பலகை) இவற்றுக்கு 80. ஒரே பிளேடில் எல்லா வேலையும் செய்தாக வேண்டிய சின்னப் பட்டறைக்கு 40 அல்லது 50 பல் ஒரு சமாதானம். எல்லாவற்றையும் ஓரளவு செய்யும், எதையும் பிரமாதமாகச் செய்யாது. இரண்டே பிளேடுதான் வாங்க முடியும் என்றால் 24-உம் 80-உம் வாங்குங்கள், 40 வேண்டாம் என்பேன்.

எண்ணிக்கையைவிட அதிகம் கவனிக்கப்படாதது பல்லின் தலை. கடையில் பிளேடைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பல் நுனியைப் பாருங்கள். தலை தட்டையாக, சின்ன உளி போல இருந்தால் அது நீளவாக்கு வேலைக்கு. நாரோடு சேர்ந்து போகையில் உளி போல எடுத்துத் தள்ளும், பள்ளத்தின் அடியும் தட்டையாக வரும். ஒரு பல் இடப்பக்கமும் அடுத்த பல் வலப்பக்கமும் சரிந்திருந்தால் அது நாரைக் குறுக்கே வெட்டுவதற்கு. சரிந்த நுனி கத்திபோல் நாரை முதலில் நறுக்கிவிடுகிறது, அதனால் சிலும்பு குறையும். மூன்றாவது ரகத்தில் ஒரு பல்லின் இரு மூலையும் மழுங்கச் சாய்த்திருக்கும், அடுத்தது தட்டையாகவும் சற்றுத் தாழ்வாகவும் இருக்கும். முன்னது நடுவில் பள்ளம் பறிக்க, பின்னது இரு ஓரத்தையும் சுத்தம் செய்யும். மைக்காவுக்கும் எம்.டி.எஃப்.புக்கும் இதுதான் வேண்டும். மைக்கா என்பது காகிதமும் பிசினும் இறுகிய பொருள். கூர்மையான சரிவு நுனி அதில் வெகு சீக்கிரம் மழுங்கும், பிறகு உடைக்க ஆரம்பிக்கும். புதிதாக வாங்கிய பிளேடு முதல் சில ஷீட்டுக்கு அருமையாக அறுத்துவிட்டுப் பிறகு பொரியத் தொடங்கினால், சரிவுப் பல் பிளேடை மைக்காவுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

பல் முன்னால் சாய்ந்திருக்கும் கோணமும் உண்டு. நீளவாக்கு பிளேடில் 20 பாகை வரை இருக்கும், மரத்தை வேகமாக உள்ளே இழுக்கும். பலகைக்கு 10 பாகைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. பின்னால் சாய்ந்த பல் கொண்ட பிளேடு அலுமினியத்துக்கும், மேலிருந்து இறங்கும் கட்டருக்கும். அதை ரம்ப மேசையில் போட்டு மரம் அறுத்தால் கை வலிதான் மிச்சம்.

வெட்டுக் கனத்துக்கு, அதாவது பிளேடு வெட்டும் பள்ளத்தின் அகலத்துக்கு, வருவோம். முழுக் கனம் ஒரு நூல், அதாவது 3.2 மி.மீ. மெல்லிய ரகம் 2.4 மி.மீ. அளவில் வரும். 3 குதிரைத்திறனுக்குக் குறைந்த மோட்டாருக்கு மெல்லியது வசதி, எடுத்துத் தள்ள வேண்டிய மரம் கால் பங்கு குறைகிறது. ஆனால் தகடும் மெல்லியதாக இருப்பதால் சூடேறினால் நெளியும். மெல்லிய பிளேடு போட்டால் தள்ளும் வேகத்தை நடுவில் நிறுத்தவே கூடாது.

துளை விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் கூத்து பெரிது. இங்கே பரவலாகக் கிடைக்கும் 10 அங்குல பிளேடின் துளை 25.4 மி.மீ., ஐரோப்பிய மெஷினுக்கானது 30 மி.மீ., அமெரிக்க அளவு 5/8 அங்குலம். 30 மி.மீ. பிளேடை 25.4 ஸ்பிண்டிலில் (பிளேடு மாட்டும் தண்டில்) மாட்டி, இடைவெளிக்கு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுபவர்கள் இருக்கிறார்கள். மையம் அரை மி.மீ. விலகினாலே ஒரு பக்கப் பற்கள்தான் மரத்தைத் தொடும், எதிர்ப்பக்கப் பற்கள் காற்றில் சுற்றும். 80 பல் பிளேடு 40 பல் வேலைகூடச் செய்யாது. அதிர்வில் ஸ்பிண்டில் பேரிங்கும் போய்விடும். இதற்கென்றே இரும்பு வளையம் கடையில் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

பிளேடின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்றை யாரும் படிப்பதில்லை. சின்ன ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுப் பக்கம் ஓடும். அதன் காப்பைக் கழற்றிவிட்டு 7 அங்குல மர பிளேடை மாட்டினால் பல் நுனி நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். ரம்ப மேசைக்கு நொடிக்கு 60 முதல் 65 மீட்டர் போதுமானது. பெரும்பாலான 7 அங்குல பிளேடுகளில் 10,000-க்கு மேல் அச்சிட்டிருக்காது. பற்றுவைத்த கார்பைடு (மிகக் கடினமான உலோகக் கலவை) பல் அந்த வேகத்தில் கழன்றால் எங்கே போய்ப் பாயும் என்று சொல்லத் தேவையில்லை. கிரைண்டரில் மர பிளேடு போடாதீர்கள். இதில் விதிவிலக்கே கிடையாது.

வெல்டிங் பட்டறையில் அடித்த ரம்ப மேசைக்காரர்கள் தங்கள் புல்லியைக் கணக்குப் பார்க்கவும். 1,440 சுற்று மோட்டாரில் 6 அங்குலப் புல்லி, ஸ்பிண்டிலில் 2 அங்குலப் புல்லி என்றால் 4,320 சுற்று. 10 அங்குல பிளேடுக்கு அது சரி. 12 அங்குலத்துக்கு 4,000-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்வது நல்லது. வேகம் 2,500 பக்கம் இருந்தால் எந்த பிளேடு போட்டாலும் சுத்தமாக வராது. இந்த ஒரு காரணத்துக்காக மூன்று பிளேடு மாற்றிப் பார்த்துச் சலித்தவர்கள் உண்டு.

இனி மேசையைச் சரிசெய்வது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மற்றதெல்லாம். சுவிட்சை அணைத்தால் போதாது.

முதலில் பிளேடைக் கழற்றி, அதைத் தாங்கும் இரண்டு வாஷர்களையும் ஸ்பிண்டில் முகத்தையும் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். ஒட்டிய பிசினோ சின்னப் பிசிறோ இருந்தால் மென்மையான அரத்தால் எடுத்துவிடுங்கள். 60 மி.மீ. வாஷரின் விளிம்பில் 0.05 மி.மீ. தூள் அகப்பட்டால், 254 மி.மீ. பிளேடின் ஓரத்தில் அது 0.2 மி.மீ. ஆட்டமாகப் பெருகும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வெட்டிய முகத்தில் வரிவரியாகத் தெரியும். பிளேடு கோணல் என்று தூக்கிப் போட்டதில் எத்தனை பிளேடு வெறும் தூளால் போனதோ. பிறகு ஸ்பிண்டிலைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். துளியளவு ஆட்டம் கைக்குத் தெரிந்தாலும் பேரிங்கையோ, பேரிங்கைத் தாங்கும் பிளம்மர் பிளாக்கையோ மாற்றாமல் மேற்கொண்டு எதைச் சரிசெய்தும் பயனில்லை. பிளேடை மாட்டும்போது மேல்பக்கப் பல் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். நட்டை மிதமாக இறுக்கினால் போதும், சுழற்சியே அதைப் பிடித்துக்கொள்ளும். குழாய் போட்டு முறுக்கினால் மெல்லிய தகடு கிண்ணம் மாதிரி குவிந்துவிடும்.

அடுத்து, மேசையில் உள்ள நீளப் பள்ளத்துக்கு பிளேடு இணையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பள்ளத்தில் ஓடும் கேஜில் ஒரு மரக்கட்டையைக் கட்டி, அதன் முனையில் ஒரு ஸ்க்ரூவைப் பாதி முறுக்குங்கள். பிளேடில் ஒரு பல்லுக்கு மார்க்கர் வைத்து, அதை முன்பக்கம் கொண்டுவந்து ஸ்க்ரூத் தலை அந்தப் பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வையுங்கள். பிளேடைக் கையால் சுற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய், கேஜையும் பின்னால் நகர்த்துங்கள். அதே பல் என்பது முக்கியம். வேறு பல்லில் அளந்தால் பிளேடின் சொந்தக் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும். பின்பக்கத்தில் இடைவெளி விழுந்தால் அதற்குள் சாதாரண ஜெராக்ஸ் தாளை நுழைத்துப் பாருங்கள். தாளின் கனம் சுமார் 0.1 மி.மீ. தாள் நுழையாவிட்டால் சரி. நுழைந்தாலோ, பின்பக்கத்தில் ஸ்க்ரூ இடித்தாலோ மேசையைத் தாங்கும் போல்ட்டுகளில் மூன்றைத் தளர்த்தி, ஒன்றை அச்சாக விட்டு, மரச்சுத்தியலால் லேசாகத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். உள்ளூர் மேசையில் பிளம்மர் பிளாக் போல்ட்டைத் தளர்த்தித் தட்ட வேண்டும். பள்ளமே இல்லாத மேசை என்றால் இந்தப் படியை விட்டுவிட்டு, கைடை நேரடியாக பிளேடுக்கு இணையாக வைக்கலாம்.

கைடு, அதாவது ஃபென்ஸ், இணையாக இருக்கலாம். பின்பக்கம் ஒரு தாள் கனம் விலகியும் இருக்கலாம். பின்பக்கம் நெருங்கி மட்டும் இருக்கக் கூடாது. நெருங்கினால் மரம் பிளேடின் பின்பற்களில் உரசும். அந்தப் பற்கள் மேல்நோக்கி எழும்புபவை, மரத்தைத் தூக்கி உங்கள் வயிற்றை நோக்கி எறியும். சுத்தமான வெட்டுக்கும் பத்திரத்துக்கும் ஒரே அளவு தேவைப்படும் இடம் இது. வெட்டிய முகத்தில் வளைந்த கோடுகள் ஒரே வாட்டத்தில் விழுந்தால் முன்பற்கள் மட்டும் வெட்டியிருக்கின்றன. எதிர் வாட்டத்திலும் கோடு விழுந்து பின்னல் போலத் தெரிந்தால் பின்பற்களும் உரசுகின்றன.

90 பாகையைச் சரிபார்க்க மூலைமட்டத்தைத் தகட்டின் மேல் சாயுங்கள், பல்லில் படக் கூடாது. பிறகு ஒரு அகலமான துண்டை அறுத்து, ஒரு பாதியை மட்டும் கவிழ்த்து, வெட்டிய முகங்களை மறுபடி சேர்த்துப் பாருங்கள். தெரியும் இடைவெளி உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. கண்ணால் பார்த்தே தீர்த்துவிடலாம்.

பிளேடு எழும் வாய்த்தகட்டை மாற்றுவது எல்லாவற்றிலும் மலிவான திருத்தம். மெஷினோடு வரும் தகட்டின் வாய் பிளேடைவிடப் பல மடங்கு அகலம். பல் கீழிறங்கும்போது பலகையின் அடிமுகத்துக்கு எந்தத் தாங்கலும் இல்லை, அதனால்தான் பிய்கிறது. தகட்டின் அளவுக்கு பிளைவுட் துண்டு வெட்டிப் பொருத்தி, பிளேடை முழுவதும் கீழே இறக்கி, துண்டின் மேல் ஒரு கனமான மரத்தைக் குறுக்கே வைத்து இரு பக்கமும் கிளாம்ப் போட்டு, மெஷினை ஓடவிட்டு பிளேடை மெதுவாக ஏற்றுங்கள். பிளேடு தன் கனத்துக்குத் தானே வாய் வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பிளேடுக்கும் தனித் துண்டு.

எந்த முகம் மேலே? ரம்ப மேசையில் பல் மேலிருந்து கீழே வெட்டுகிறது, ஆகவே நல்ல முகம் மேலே. கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தில் பல் கீழிருந்து மேலே வருகிறது, ஆகவே நல்ல முகம் கீழே. இந்தக் கை ரம்பத்தைக் கவிழ்த்து மேசைக்கு அடியில் மாட்டியவுடன் அதுவும் ரம்ப மேசைதான். பழைய பழக்கத்தில் நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுத்துவிட்டு மெஷினைத் திட்டக் கூடாது. பிளேடின் உயரமும் இதோடு சேர்ந்தது. உயர்த்தினால் பல் செங்குத்தாக இறங்கும், மேல்முகம் சுத்தம், அடிமுகம் பிய்யும். தாழ்த்தினால் அடிமுகம் தேறும். பொதுவாகப் பல்லும் அதன் குழியில் பாதியும் பலகைக்கு மேல் தெரிந்தால் போதும்.

இரண்டு பக்கமும் மைக்கா ஒட்டிய பலகைக்கு, கைடை நகர்த்தாமல் இருமுறை தள்ளுங்கள். முதல் முறை பிளேடு 2 மி.மீ. உயரத்தில். அவ்வளவு ஆழம் குறைந்த வெட்டில் பல் ஏறக்குறைய படுக்கையாகப் போவதால் அடி மைக்கா உடையாது. இரண்டாவது முறை முழு உயரத்தில். ஸ்லைடிங் பேனல் சா மெஷினில் இந்த வேலையை முன்னால் இருக்கும் 120 மி.மீ. சின்ன பிளேடு செய்கிறது, அது எதிர்த்திசையில் சுற்றும். அதன் வெட்டு, பெரிய பிளேடைவிட 0.1 மி.மீ. மட்டுமே அகலமாக, நேர்கோட்டில் இருக்க வேண்டும். லட்சங்களில் மெஷின் வாங்கிவிட்டு இந்த இரண்டையும் நேர்ப்படுத்தாமல் ஓட்டும் இடங்களில், கதவு ஓரத்தில் மெல்லிய படி ஒன்று தெரியும், ஓரத்தில் ஒட்டும் பட்டையை (எட்ஜ் பேண்ட்) ஒட்டினாலும் மறையாது.

பிளேடின் பின்னால் நிற்க வேண்டிய பிளவுக் கத்தியைக் கழற்றி மூலையில் போடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. சரியாகக் காயாத மரம் அறுபட்டவுடன் உள்ளிறுக்கம் விட்டு மூடிக்கொள்ளும், பிளேடைக் கவ்வும், பின்னால் உதைக்கும். அந்தக் கத்தி பிளேடின் தகட்டைவிடத் தடிமனாகவும் வெட்டுக் கனத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். 1.8 மி.மீ. தகடு, 2.6 மி.மீ. வெட்டு என்றால் கத்தி 2.2. பல்லிலிருந்து 3 முதல் 8 மி.மீ. தள்ளி நிற்கட்டும். மெல்லிய பிளேடுக்கு மாறிவிட்டுப் பழைய கத்தியை விட்டுவைத்தால் மரம் நடுவில் சிக்கி நிற்கும், அந்த எரிச்சலில்தான் பலர் கத்தியைக் கழற்றுகிறார்கள். கையுறை போடாதீர்கள். கடைசி ஓரடியைத் தள்ளுகோலால் தள்ளுங்கள்.

வெட்டு கெடத் தொடங்கினால் சாணைக்கு அனுப்பும் முன் பிளேடைக் கழுவிப் பாருங்கள். பல் மழுங்கியதாக நினைப்பதில் பாதி ஒட்டிய பிசின்தான், பைன் பெட்டிமரம் அறுப்பவர்களுக்கு இது அதிகம். வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடா கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, துளி எண்ணெய் தடவினால் போதும். இரும்பால் சுரண்டினால் கார்பைடு விளிம்பு பெயரும். பழைய இரும்பு பிளேடை முக்கோண அரத்தால் தீட்டியது போல கார்பைடைத் தீட்ட முடியாது, வைரச் சக்கரம் உள்ள சாணைக்காரரிடம்தான் கொடுக்க வேண்டும். பல்லில் ஒட்டிய கார்பைடு 3 மி.மீ. அளவுக்குத் தடிமனாக இருந்தால் பலமுறை சாணை பிடிக்கலாம். மலிவு பிளேடில் அது பாதிகூட இராது. தேக்கில் மணற்சத்து இருப்பதால் அது மற்ற மரங்களைவிடச் சீக்கிரம் மழுங்கடிக்கும். இடித்த வீட்டுத் தேக்கு என்றால் காந்தத்தை மேலே ஓட்டி ஆணி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைக்க வேண்டும்.

மேசை வழுக்க மெழுகுவர்த்தியைத் தேய்த்துத் துடைத்தால் போதும். சிலிகான் ஸ்ப்ரே வேண்டாம். அது மரத்தில் ஏறினால் பாலிஷ் அடிக்கும்போது மீன்கண் போல வட்டவட்டமாக விலகும், காரணம் தெரியாமல் பெயின்டர் திட்டு வாங்குவார்.

ஹார்டுவேர் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'மர பிளேடு 10 இன்ச்' என்று கேட்பவரிடம் என்ன அறுக்கப் போகிறீர்கள், ஸ்பிண்டில் என்ன அளவு, மெஷின் எத்தனை சுற்று என்று மூன்று கேள்வி கேளுங்கள். வீட்டுக்காரர்களும் அலமாரி வேலையை ஒப்படைக்கும் முன், தாங்கள் வாங்கிய அதே மைக்கா ஒட்டிய ஒரு கழிவுத் துண்டை ஆசாரியின் மேசையில் அறுக்கச் சொல்லி, வெட்டிய ஓரத்தின் அடிமுகத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல பிளேடு வைத்திருப்பவர் சந்தோஷமாகவே அறுத்துக் காட்டுவார்.

இப்படிக்கு,
மரவேலைத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்